ஒலுவில் வளவுகளும் சட்டப் புத்தகமும்

அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலில் வீட்டைச் சொல்லி யாரும் இடம் காட்டுவதில்லை, வளவைத்தான் சொல்வார்கள். ‘ராத்தாட வளவு’, ‘மூத்தம்மாட வளவு’, ‘சாச்சிட வளவு’. அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையதாகவே இருக்கும். கிடுகு வேலியின் நடுவே கடப்படி. உள்ளே போனால் கிணறு, தென்னை, முருங்கை, கோழிக்கூடு, நெல் அவிக்கிற பெரிய அடுப்பு, பாய்க்கான பன் காய்கிற மணல் முற்றம். இவ்வளவையும் தாண்டித்தான் வீடு. நான் பிறந்த வளவில் வீட்டுக்குள் கழிந்த நேரத்தை விடத் தாவாரத்தில் கழிந்த நேரம்தான் அதிகம். உம்மா அங்கே குந்தியிருந்து பாய் இழைத்து எங்களை வளர்த்தா. பாய் வாங்க வருகிறவர்கள் கடப்படியில் நின்று சலாம் சொல்வார்கள். விலை பேசுவதும் காசு மாறுவதும் அங்கேயே முடிந்துவிடும்.

அது வீடா, தொழில் நடக்கிற இடமா என்று அந்த நாளில் எவரும் கேட்டதில்லை. பிற்காலத்தில் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடப்படி கடப்படியாகப் போகிற உத்தியோகம் எனக்கு வாய்த்தது. இந்தக் கரையோரத்துச் சபையொன்றில் வருமானப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோலைவரிப் புத்தகமும் அனுமதிப்பத்திரப் புத்தகமும் சுமந்து திரிந்த காலத்தில் என் மனதில் உறுதியான ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் தொழில் செய்வதை விதிவிலக்காகப் பார்க்கிற சட்டம் தொலைவில், வேறு ஒரு நெருக்கடியில் பிறந்தது. எங்கள் ஊரில் அதுதான் வழமை.

அந்த வழமைக்கு அடித்தளம் சீதன வீடு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றைத் தாண்டியும் இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவள் வளர்ந்ததும் அதையும் கொடுப்பார்கள். அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் சுமையைப் பற்றி நிறையப் பேசலாம். மகளுக்கு வீடு கட்டவென்றே மத்திய கிழக்குக்குப் போன வாப்பாமார் ஊருக்கு ஊர் உண்டு. ஆனாலும் வீடு பெண்ணின் சொத்து என்பதால் அவளுடைய தொழிலும் அந்த வீட்டிலேயே வேர்விட்டது. வாடகைக் கடை எடுக்கக் காசில்லாதவளுக்குத் தாவாரம் இருந்தது. சந்தைக்குப் போய் இருக்க முடியாதவளிடம் சந்தையே கடப்படி வரை வந்தது.

பாய் இழைக்கிற தொழிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இதற்கு என்ன இடம் தேவை என்பது தெரியாதவர்கள்தான் இப்போது விதி எழுதுகிறார்கள். பன் வயலோரச் சதுப்பிலும் குளக்கரையிலும் வளர்கிற புல். அறுத்து வந்து வெயிலில் பரப்பி உலர்த்துவார்கள். மழை இருட்டினால் வளவே ஓடிவந்து அள்ளும். காய்ந்ததைத் தரம் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரித்து, சாயம் கரைத்த கொதிநீரில் போட்டு எடுத்து, திரும்பவும் நிழலில் காயவைப்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா, அவற்றோடு சாயம் போடாத பன்னின் வெளிறிய மஞ்சள். இழைக்கிறபோது தறி கிடையாது, இயந்திரம் கிடையாது. விரல்களும் ஒரு கத்தியும் போதும். ஆனால் இரண்டு பெண்கள் எதிரெதிராக இருந்து பாயைத் திருப்ப நீளமான நிழல் தரை வேண்டும், காயப்போட வெயில் படும் முற்றம் வேண்டும். இந்தத் தொழிலில் புகை இல்லை, இரைச்சல் இல்லை. சாயத்தண்ணி மட்டும் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும். உம்மாவுக்கு அது சட்டம் படிக்காமலே தெரியும். சாயச் சட்டியை எப்போதும் வேலியோரத்தில், கிணற்றுக்கு எட்டத்தில்தான் வைப்பா.

வடக்கே மருதமுனையில் இதே ஒழுங்கு பெரிய அளவில் நடந்தது. அங்கே வீட்டோடு ஒட்டிய தறிக் கொட்டில்கள். சாரமும் சேலையும் நெய்த ஊர் அது. 1970 முதல் 1977 வரை இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தறி ஓடாத வளவு அங்கே அபூர்வம். 1977இல் சந்தை திறக்கப்பட்டு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் பல கொட்டில்கள் விறகு வைக்கிற இடமாயின. அப்போதும் முற்றாக அழிந்துபோகாமல் சில குடும்பங்கள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. கொட்டிலுக்கு வாடகை இல்லை. நெசவு படுத்தாலும் வீடு போகாது. தொழிற்சாலையாக இருந்திருந்தால் முதல் வருடத்திலேயே கதவு மூடியிருக்கும்.

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஊர் வழமையைச் சட்டம் மதித்த ஒரு காலமும் இருந்தது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம், ஊர்ச்சனம் கூடித் தங்களுக்கான விதிகளைத் தாங்களே வகுக்க இடம் கொடுத்தது. வயல் வேலை, வேலி அடைப்பு, அத்துமீறும் மாடு போன்ற ஊர்க்காரியங்கள் அதில் அடங்கின. சிறு வழக்கைத் தீர்க்கக் கிராம நீதிமன்றமும் வந்தது. குடியேற்ற அரசு தன் வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். இருந்தாலும் விதியை எழுத வேண்டியவர்கள் அந்த இடத்தில் வாழ்கிறவர்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது. பின்னால் வந்த எந்தச் சட்டத்திலும் அந்த எண்ணத்தை அவ்வளவு தெளிவாக நான் காணவில்லை.

1914இல் கொழும்பில் கொள்ளைநோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாமல் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய குடியிருப்புகள், எலி பெருத்த தானியக் கிட்டங்கிகள், அவற்றின் நடுவே மனிதர்கள். அடுத்த வருடம், 1915இல், 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வரைபடம் காட்டி அனுமதி பெறாமல் கட்டக்கூடாது. கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் குடிபோகக்கூடாது. வீட்டு நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது. கொழும்பின் நெருக்கத்தைப் பார்த்தால் இவை நியாயமான விதிகள். நூறு வருடத்துக்கு மேலாகியும் இன்றும் சபைகள் கையிலெடுக்கிற சட்டம் இது. அந்த மூன்றில் ஒரு பங்கு வெறும் நிலம் எங்கள் வளவில் ஒருபோதும் வெறுமனே கிடக்கவில்லை. பன் காய்ந்ததும் நெல் அவிந்ததும் அங்கேதான்.

அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலைகளில் நகரத்தைக் கோடு போட்டுப் பிரிக்கிற வேலை தொடங்கியிருந்தது. நியூயோர்க் நகரம் 1916இல் தன் முழுப் பரப்புக்கும் வலயம் வகுத்தது. ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் வகுத்த வலயத்தை எதிர்த்து ஒரு காணிக் கம்பனி போட்ட வழக்கில், 1926இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குடியிருப்பு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம் என்கிற முறை அந்தத் தீர்ப்போடு வேரூன்றியது. அங்கேயும் வீட்டில் நோயாளரைப் பார்க்கிற டொக்டரையும் வீட்டில் உடுப்புத் தைக்கிற பெண்ணையும் வெளியே தள்ள முடியவில்லை. வீட்டோடு வழமையாக ஒட்டிவருகிற தொழில் என்று அவர்களுக்குத் தனி இடம் எழுதி வைத்தார்கள்.

இலங்கையில் 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம். 1978இல் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம். 1982இல் அதற்கு வந்த திருத்தம், நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனமான இடத்தில் கட்டடம் கட்டுவதற்கு மட்டுமல்லாமல், இருக்கிற கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும் என்றாக்கியது. முன்னறையில் தையல் இயந்திரம் வைத்தால் அது பயன்பாட்டு மாற்றமா? இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். நான் அவர்களுக்குக் காட்டுவது அதே சட்டத்துக்குள் இருக்கிற ஒரு விலக்கை. வீட்டு வளவுக்குள் இருக்கிற நிலத்தை, அந்த வீட்டில் வாழ்வதோடு சேர்ந்துவருகிற ஒரு தேவைக்குப் பயன்படுத்தினால், புதிய கட்டட வரைபடம் தேவைப்படாத வரையில் அது அபிவிருத்தி வேலைக்குள் அடங்காது. இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்திலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. அங்கே அதை எழுதியவர்கள் வீட்டுத் தோட்டத்தையும் சாமான் கொட்டிலையும் மனதில் வைத்திருக்கலாம். ஒலுவிலில் வீட்டில் வாழ்வதோடு சேர்ந்துவருவது எது என்று கேட்டால், பாய் இழைப்பதும் தைப்பதும் மா இடிப்பதும் என்றுதான் நான் சொல்வேன். தலைமுறை தலைமுறையாக வீட்டின் அங்கமாக இருந்ததை அதற்கு வெளியே தள்ளி வாசிக்கச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

சபையின் சட்டமும் நினைப்பதை விட இளக்கமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தொழில்களை மூன்று வழியில் பார்க்கிறது. சுகாதாரமோ ஆபத்தோ சம்பந்தப்பட்டவற்றுக்கு அனுமதிப்பத்திரம்: பேக்கரி, சாப்பாட்டுக் கடை, சலூன் போன்றவை. அனுமதிப்பத்திரம் தேவைப்படாத கைத்தொழிலுக்கு ஒரு வரி. மற்ற வியாபாரங்களுக்கு முந்திய வருட வருமானத்தைப் பொறுத்து வேறொரு வரி. அனுமதிப்பத்திரக் கட்டணத்தின் உச்ச அளவு, இடத்தின் வருடாந்தப் பெறுமதி 750 ரூபாவைத் தாண்டாவிட்டால் 500 ரூபா, 1500 வரை 750 ரூபா, அதற்கு மேல் 1000 ரூபா. பெரிய காசில்லை. பயம்தான் பெரிது. தையல்காரி ஒருவ என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, கட போட்டாத்தானே லைசன்? நான் ஊட்டுக்குள்ள இரிந்து தைக்கன். நாளைக்கி வந்து ஊட்ட மூடச் செல்லுவீங்களா?” நான் சொன்னேன்: “இல்ல ராத்தா, இது ஒங்கட ஊடு. வரி ஒன்டு இரிக்கி, அதக் கட்டினாப் போதும்.” அவவுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டா. வீட்டில் தைக்கலாம் என்று நேரே எழுதிய ஒரு விதி அவவிடம் காட்ட என் பையில் இருக்கவில்லை.

உண்மையான பிணக்குகளும் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. குடியிருப்பு நடுவில் மிளகாய் அரைக்கிற ஆலை வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமும். சீமெந்துக் கல் அறுக்கிற இயந்திரம் விடியற்காலையில் அதிரும். ஒரு வளவில் கோழிப்பண்ணை பெருத்ததால் இரண்டு சம்பந்தக் குடும்பம் பேச்சு முறிந்ததையும் கண்டிருக்கிறேன். முன்பு இப்படியானவை பள்ளிவாசல் மரைக்காயர்மார் முன்னால் தீரும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த வர்த்தமானி, சிறிய அரைக்கும் ஆலை, உலர்முறை நெல் ஆலை, இயந்திரத்தால் சீமெந்துக் கல் செய்யும் தொழில், செங்கல் சூளை போன்றவற்றுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வழங்கும் வேலையை உள்ளூராட்சி சபைகளிடமே கொடுத்தது. இந்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. எந்த வலயத்தில் இருக்கிறாய் என்று கேட்காமல், என்ன புகை விடுகிறாய், எந்த வாய்க்காலில் ஊற்றுகிறாய் என்று அது கேட்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி வளவுகளையே அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் அதிகம் உயிர் போன மாவட்டம் அம்பாறை. அதன் பிறகு அரசு அறிவித்த கரையோரத் தடைவலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலோடு ஒட்டி நெருங்கிய எங்கள் ஊர்களில் 200 மீற்றர் என்பது சில குறிச்சிகளின் முழு அகலம். பின்னர் அது தளர்ந்தது. கல்முனைப் பக்கம் 65 மீற்றர் என்று ஆனது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கே அந்த அளவு பெயராகிவிட்டது. இடம்பெயர்ந்தவர்களுக்குப் புதிய திட்டங்களில் கிடைத்தது கல்வீடு; சில இடங்களில் மாடிவீடு. உறுதியான சுவர், நல்ல கூரை. உதவியவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் மாடியில் பன் காயப்போட முற்றம் இல்லை, தறி நாட்ட நிலம் இல்லை. இன்னொரு அநியாயமும் நடந்தது. பெண்ணின் சீதன வீடு அழிந்த இடத்தில், புதிய வீட்டின் பத்திரம் பல குடும்பங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயருக்கு எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. வீடும் தொழிலும் ஒரே கையில் இருந்த பெண், ஒரே நாளில் இரண்டையும் இழந்தாள்.

ஒலுவிலுக்கு வேறு மாற்றங்களும் வந்தன. 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது, தென்னந்தோட்டங்கள் சரிந்தன, தோணி இழுத்துவைக்கிற மணலே இல்லாமல் போனது. மீன் காயப்போட்டுக் கருவாடு செய்த குடும்பங்களின் தொழிலிடம் அந்த மணல்தான்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது வேறு வகை மாற்றம். அப்போது அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. மாணவர் வந்ததும் ஊரின் பழைய தாவாரங்கள் அறைகளாயின. போடிங், சாப்பாட்டுப் பார்சல், போட்டோக்கொப்பி, தைத்த அபாயா. பாய் இழைத்தவளின் மகள் போடிங் நடத்துகிறாள். என் மகளும் தன் வீட்டு முன்னறையில் அபாயா தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். ஒரு வளவில் ஒரு பெண் வருமானம் தேடுகிற வழி மாறியிருக்கிறதே தவிர, இடம் மாறவில்லை.

இடம் சுருங்குவதுதான் எனக்குக் கவலை. கால் ஏக்கர் வளவு என்றால் 40 பேர்ச். நான்கு மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. அவர்களின் மகள்மாருக்கு இரண்டாக்கினால் ஐந்து. 1986ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் குறைந்தபட்சக் காணித்துண்டு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச், என்று வைத்தன. ஐந்து பேர்ச்சில் வீதிக்கோட்டுக்கும் பின்முற்றத்துக்கும் விட்டு மிஞ்சுவதில் படுக்கவே இடம் போதாது. சீதன வழமையும் கட்டட விதியும் இங்கே நேருக்கு நேர் முட்டுகின்றன. முட்டுகிற இடத்தில் முதலில் காணாமல் போவது பெண்ணின் தொழிலிடம். இன்னொரு பக்கம் அரசே வீட்டுத் தொழிலுக்குக் கடன் கொடுத்துவந்திருக்கிறது: சமுர்த்தியும், 2011இல் தொடங்கிய ‘வாழ்வின் எழுச்சி’த் திட்டமும் சொன்னது வீட்டிலேயே தொழில் செய் என்றுதான். 2020இல் கொரோனாவால் ஊர்கள் மூடிக்கிடந்தபோதும் 2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு கையைப் பிசைந்து நின்றபோதும் எத்தனையோ அடுப்புகள் எரிந்தது வீட்டில் செய்த கேக்காலும் இடியப்பத்தாலும் தையலாலும்.

பிரதேச சபைகளுக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் இருக்கிறது. சபை நிறைவேற்றி, அமைச்சரின் அங்கீகாரத்தோடு வர்த்தமானியில் வந்தால் அது சட்டம். ஒரு வலயத் திட்டம் வெளியூர் மேசையில் வரைந்து எங்கள் தலையில் இறங்கும் முன், நாமே நம் வளவுக்கான விதியை எழுதிவிட வேண்டும். வீட்டுக்காரியே செய்கிற பாய், நெசவு, தையல், ரியூசன், சிறிய போடிங் இவற்றுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சமையல் தொழிலுக்குப் பொதுச்சுகாதாரப் பரிசோதகரின் சான்று போதும் என்று எழுதுங்கள். இயந்திரம் வைத்தால் பக்கத்து வளவுக்காரரின் சொல்லைக் கேட்ட பிறகே அனுமதி. இரவில் இரைச்சல் கூடாது. சாயத்தண்ணியும் கழிவும் கிணற்றுக்கு எட்டத்தில் என்று எழுதுங்கள். அனுமதிப்பத்திரம் வீட்டுக்குரிய பெண்ணின் பெயரில் இருக்கட்டும். இதை எழுதும் கூட்டத்துக்குத் தவிசாளரும் உறுப்பினர்மாரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மட்டும் வந்தால் போதாது. பாய் இழைக்கிற உம்மாமாரையும் முன்வரிசையில் இருத்தி, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.